பதில் போட்டேன், போய்ச் சேரவில்லை: பேட்ச் பாலங்களைப் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, ஒரு திறமூலத் திட்டத்துக்குத் தன் முதல் பேட்சை அனுப்பினான். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தப்பான நேரத்தில் வரும் ஒரு பிழைச் செய்தியைச் சரி செய்யும் பதினோரு வரி. அந்தத் திட்டத்தில் எல்லா வேலையும் மின்னஞ்சல் குழுவில்தான் நடக்கும். ஆனால் புதிதாக வருபவர்களுக்காக ஒரு பாலம் வைத்திருந்தார்கள். வலைத்தளத்தில் புல் ரெக்வெஸ்ட் திறந்தால் போதும், ஒரு பாட் அதை மடலாக்கிக் குழுவுக்கு அனுப்பிவிடும். குழுவில் யாராவது பதில் எழுதினால் அதை எடுத்துவந்து புல் ரெக்வெஸ்டுக்குக் கீழே ஒட்டிவிடும்.

ஒட்டியது. பேட்சைப் படித்தவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். இவன் அன்று ராத்திரியே கீழே இருந்த பெட்டியில் பொறுமையாகப் பதில் எழுதினான். அதற்கப்புறம் ஐந்து வாரம் சத்தமே இல்லை.

"அவங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைக்கிறேன் அண்ணா, விட்டுடறேன்" என்றான்.

எனக்குச் சந்தேகம். குழுவின் காப்பகத்தைத் திறந்து பார்த்தேன். அவன் பேட்ச் இருக்கு. கேள்வி இரண்டும் இருக்கு. அவன் பதில் மட்டும் இல்லை. அந்தப் பாலம் குழுவிலிருந்து வலைப்பக்கத்துக்குப் பேச்சைக் கொண்டுவரும். வலைப்பக்கத்தில் எழுதிய பேச்சைக் குழுவுக்குக் கொண்டுபோகாது. கேள்வி கேட்டவரைப் பொறுத்தவரை, ஒரு பையன் பேட்ச் போட்டான், கேள்வி கேட்டதும் காணாமல் போய்விட்டான். பையனைப் பொறுத்தவரை, பதில் சொன்னான், பெரியவர்கள் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பேருமே மற்றவர் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

திட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். தப்பு ஒரு ஆளுடையதோ ஒரு குழுவுடையதோ இல்லை. இந்தப் பதிவை ஆரம்பித்தது கோபத்தில்தான், மறைக்கவில்லை. ஆனால் இந்த வகைப் பாலங்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று உட்கார்ந்து படித்த பிறகு, கோபம் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை.

முதலில், ஏன் இன்னும் மடல்?

"2008-லேயே கிட்ஹப் வந்தாச்சு, இன்னும் எதுக்குங்க மடல்ல பேட்ச் அனுப்புறாங்க, பழைய ஆளுங்க பிடிவாதம்தானே" என்று கேட்பவர்கள் நிறைய. நானும் கேட்டிருக்கிறேன். பிடிவாதம் கொஞ்சம் உண்டுதான். ஆனால் அது மட்டும் இல்லை.

கிட் என்ற கருவியே 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதியது. கெர்னலில் அப்போதே பேட்ச்கள் மடலில்தான் வந்துகொண்டிருந்தன. அதனால் கிட்டுக்குள்ளேயே அந்தப் பழக்கம் பதிந்திருக்கு: கமிட்டை மடலாக மாற்ற ஃபார்மட்-பேட்ச், அனுப்ப சென்ட்-இமெயில், வந்த மடலைத் திரும்பக் கமிட்டாக்க ஏ-எம். கடைசியில் உள்ள அந்த இரண்டு எழுத்துக்கு அர்த்தமே "அஞ்சல்பெட்டியைப் பொருத்து" என்பதுதான். மடல் வழி என்பது கிட்டுக்கு வெளியே ஒட்டவைத்த விஷயம் இல்லை.

இந்த வழியில் உள்ள லாபங்களில், வலைப் பழக்கத்தில் வளர்ந்த நமக்குச் சட்டென்று தெரியாதவை இரண்டு.

ஒன்று, கமிட் செய்தியும் விமர்சனத்துக்குள் வருகிறது. மடலில் கமிட் செய்தி மேலே, நிரல் மாற்றம் கீழே, இரண்டும் ஒரே உரை. பதில் எழுதுபவர் "ஏன் இந்த மாற்றம் என்று நீ சொல்லவே இல்லையே" என்று அந்த வரியையே மேற்கோள் காட்டிக் கேட்கலாம். கிட்ஹப்பின் புல் ரெக்வெஸ்டில் நிரல் வரியைத் தொட்டுக் கருத்து எழுதலாம். கமிட் செய்தியின் வரியைத் தொட்டு எழுத இடம் இல்லை. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் எதைத் தொட முடியாதோ அதை யாரும் திருத்த மாட்டார்கள். கமிட் செய்தியில் "ஃபிக்ஸ்" என்று ஒரே சொல்லோடு முடிக்கும் பழக்கம் நம்மிடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்க.

இரண்டு, பழைய பதிப்புகள் அழியாது. மடலில் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று ஒவ்வொன்றும் தனி மடலாகக் காப்பகத்தில் கிடக்கும். புல் ரெக்வெஸ்ட் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கிளை. ஃபோர்ஸ்-புஷ் செய்தால் முன்னால் இருந்தது மேலாக்கில் மறைந்துவிடும், தேடி எடுக்கப் பாடுபடணும்.

டோர்வால்ட்ஸ் 2012-ல் கிட்ஹப்பின் புல் ரெக்வெஸ்ட்களை ஏற்கமாட்டேன் என்று சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அவர் அப்போது சொன்ன குறைகளில் முக்கியமானவை இவைதான்: அனுப்புபவரின் சரியான மின்னஞ்சல் முகவரி தொலைகிறது, மாற்றத்தின் சுருக்கப் பட்டியல் ஒழுங்காக வருவதில்லை, கமிட் செய்திகளின் தரம் கெடுகிறது. தொனியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நியாயமான புகார்.

மடலின் நஷ்டமும் எனக்குத் தெரியும். கெர்னல் ஆவணங்களிலேயே மின்னஞ்சல் மென்பொருள்களுக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. ஜிமெயிலின் வலைப்பக்கம் பேட்ச் அனுப்ப உதவாது, டேபை வெற்றிடங்களாக மாற்றிவிடும் என்று அதில் எழுதியிருக்கு. எச்டிஎம்எல் மடல் அனுப்பினால் கெர்னல் குழுக்களின் சர்வர் ஏற்றுக்கொள்ளாது. 2022 மே மாதத்துக்குப் பிறகு ஜிமெயிலில் வெறும் கடவுச்சொல்லை வைத்து மடல் அனுப்பவும் முடியாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்து, செயலிக்கெனத் தனிக் கடவுச்சொல் வாங்கணும். பதினோரு வரி திருத்த வந்த பையன் முதலில் அஞ்சல்துறை வேலை கற்றுக்கொள்ளணும். ஆக, பாலம் தேவைதான். எதைக் கடக்கவிடுவது என்பதில்தான் என் விமர்சனம்.

கிட்கிட்கேட்ஜெட் சரியாகச் செய்தது

இந்த வகையில் நன்றாக ஆராயத் தகுந்தது கிட் திட்டத்தின் கிட்கிட்கேட்ஜெட். இதற்கு முன்னால் 2015-ல் சப்மிட்கிட் என்று ஒன்று வந்தது. பின்னால் அந்த இடத்துக்கு 2018-ல் கிட்கிட்கேட்ஜெட் வந்தது. எழுதியவர் யோஹானஸ் ஷிண்டலின், விண்டோஸுக்கான கிட்டைப் பராமரிப்பவர்.

வேலை எப்படி? கிட்ஹப்பில் புல் ரெக்வெஸ்ட் திறக்கிறீர்கள். நீங்கள் புதியவர் என்றால், ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒருவர் வந்து "/அலவ்" என்று எழுதினால்தான் கதவு திறக்கும். "/ப்ரிவ்யூ" என்றால் போகப்போகும் மடலைக் காட்டும். "/சப்மிட்" என்றால் குழுவுக்கு அனுப்பும். புல் ரெக்வெஸ்டின் விளக்கம் முகப்பு மடலாகிறது; ஒவ்வொரு கமிட்டும் அதற்குப் பதிலாகத் தொங்கும் ஒரு மடலாகிறது.

இதில் நான் மெச்சுவது வேறு ஒன்றை. பதிப்பு என்ற கருத்தை அது மொழிபெயர்த்த விதம். கிளையைத் திருத்தி ஃபோர்ஸ்-புஷ் செய்து மறுபடி "/சப்மிட்" போட்டால், அது இரண்டாம் பதிப்பு என்று தானே எண்ணிட்டு அனுப்பும். அனுப்பிய ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டேக் போட்டுக் காப்பாற்றும். முந்தைய பதிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ரேஞ்ச்-டிஃப் எடுத்து மடலிலேயே சேர்க்கும். (ரேஞ்ச்-டிஃப் கட்டளையும் அதே 2018-ல், 2.19 பதிப்பில், இதே ஷிண்டலின் கையால் கிட்டுக்குள் வந்ததுதான்.) நகரும் கிளையை, நகராத மடல்களின் வரிசையாக மாற்றுவது. வெறுமனே வடிவத்தை மாற்றுவதைவிடக் கஷ்டமான வேலை இது, செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று, உங்கள் பேட்ச் பராமரிப்பாளரின் எந்தக் கிளையில் சேர்ந்தது என்று புல் ரெக்வெஸ்டிலேயே வந்து சொல்கிறது. கிட் திட்டத்தில் ஜூனியோ ஹமானோ 2005-லிருந்து பராமரிப்பாளர். அவர் பேட்ச்களைப் படிப்படியாக ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு நகர்த்துவார். அதை மடல்களை வைத்துத் தொடர்வது அனுபவசாலிகளுக்கே சிரமம்.

எங்கே இடறுகிறது

இப்போது குறைக்கு வருவோம். கிட்கிட்கேட்ஜெட்டும் பேச்சில் ஒருவழிதான். குழுவின் பதில்கள் புல் ரெக்வெஸ்டுக்கு வரும். புல் ரெக்வெஸ்டில் நீங்கள் எழுதும் கருத்து குழுவுக்குப் போகாது.

ஒளித்துவைக்கவில்லை என்பதையும் சொல்லணும். முதல் புல் ரெக்வெஸ்ட் திறந்ததும் பாட் ஒரு நீண்ட வரவேற்புக் குறிப்பு போடுகிறது. அதில், பதில்கள் இங்கே பிரதிபலிக்கப்படும், ஆனாலும் நீங்கள் மடலில்தான் பதில் எழுத வேண்டியிருக்கும் என்று இருக்கு. குழுவில் சேராமலே பதில் எழுத வழியும் இருக்கு: காப்பகத்தில் அந்த மடலின் மூல வடிவத்தை இறக்கி, உங்கள் அஞ்சல்பெட்டிக்குள் ஏற்றி, அங்கிருந்து பதில் போடலாம். ஏற்றுவதற்கு ஒரு கர்ல் கட்டளையும் கொடுத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்க. பேட்ச் அனுப்ப ஒரே ஒரு சொல். பதில் அனுப்ப, மூல மடலை இறக்கிக் கட்டளை மூலம் அஞ்சல்பெட்டியில் ஏற்றும் வித்தை. ஒரு புதியவருக்கு எது கஷ்டம்? பேட்ச் அனுப்புவது ஒரு தடவை. பதில் சொல்வதுதான் திரும்பத் திரும்ப நடப்பது. அவர் திட்டத்துக்குள் ஆளாக மாறுவது அந்தப் பதில்களில்தான். எந்த இடத்தில் கைபிடித்து அழைத்துப்போக வேண்டுமோ அங்கே ஒரு கையேட்டைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது.

அப்போ கருத்துகளையும் தானாக அனுப்பிவிட வேண்டியதுதானே? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அந்தப் பக்கம் இல்லை. வலைப்பக்கத்தில் நாம் எழுதும் தோரணை வேறு. "ஓகே, பார்க்கிறேன்", ஒரு கட்டைவிரல், பாதியில் விட்ட வாக்கியம், ஐந்து நிமிஷத்தில் எடிட் செய்தது, அப்புறம் டெலீட் செய்தது. மடல் போனால் போனதுதான். திருத்தவோ அழிக்கவோ முடியாது. எழுதுபவருக்குத் தெரியாமல் அவர் பேச்சை நிரந்தரப் பொதுக் காப்பகத்தில் போடுவது, பதிலைத் தொலைப்பதைவிடச் சின்னத் தப்பு இல்லை. குழுவில் இருக்கும் ஆயிரம் பேர் பெட்டியில் "ஓகே" மடல்கள் குவிந்தால் அவர்கள் பாட்டின் முகவரிக்கே வடிகட்டி போட்டுவிடுவார்கள். அதோடு பாலம் செத்துப்போகும்.

ஆகவே ஒருவழி என்பதை நான் குறை சொல்லவில்லை. ஒருவழி என்பது தெரியவேண்டிய நேரத்தில் தெரியவில்லை என்பதுதான் குறை. வரவேற்புக் குறிப்பு முதல் நாள் வருகிறது, அப்போது யாரும் அவ்வளவையும் படிப்பதில்லை. தப்பு நடப்பது பத்தாம் நாள். அன்று கேள்வி அந்தப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது, கீழேயே எழுதும் பெட்டி, பக்கத்திலேயே பச்சைப் பொத்தான். மொத்தப் பக்கமும் "இங்கே எழுது" என்கிறது; பத்து நாள் முன்னால் வந்த ஒரு வரி மட்டும் "எழுதாதே" என்கிறது. எது ஜெயிக்கும்?

நான் கேட்பது இவ்வளவுதான். மடலிலிருந்து வந்த கேள்விக்குக் கீழே, புல் ரெக்வெஸ்ட் திறந்தவர் ஏதாவது எழுதினால், பாட் அடுத்த நிமிஷம் வந்து, "இது குழுவுக்குப் போகவில்லை, அனுப்பணும்னா இப்படிச் செய்" என்று சொல்லட்டும். அதற்குப் பெரிய பொறியியல் வேண்டாம். அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் அனுப்பும் ஒரு கட்டளை இருந்தால் இன்னும் நல்லது. "/சப்மிட்" என்பதில் இருக்கும் சம்மதம் பேச்சுக்கும் இருக்கட்டும்.

மற்றவர்கள் எதைக் கடக்கவிட்டார்கள்

ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் மூன்றைச் சொல்கிறேன்.

கெர்னலின் பி4. கான்ஸ்டான்டின் ரியாபிட்சேவ் எழுதியது. லோர் என்ற கெர்னல் காப்பகத்திலிருந்து பேட்ச் வரிசைகளை எடுக்க உதவும் கருவியாக 2020-ல் ஆரம்பித்தது. (லோர், பி4 இரண்டுமே ஸ்டார் ட்ரெக்கின் ஆண்ட்ராய்டு பெயர்கள்.) பிறகு பேட்ச் அனுப்பும் வசதியும் சேர்ந்தது. அலுவலக அஞ்சல் சர்வர் பேட்சைச் சிதைத்துவிடும் என்றால், வலை வழியாக கெர்னல் தளத்துக்கே கொடுத்து அங்கிருந்து மடலாக்கலாம். பேட்சில் உங்கள் டிஜிட்டல் கையொப்பம் இருக்கணும். இது கடக்கவிடுவது அனுப்பும் வேலையை மட்டும். உரையாட வலைப்பக்கம் என்று ஒன்றைக் காட்டவே இல்லை, அதனால் பதில் எங்கே எழுதுவது என்ற குழப்பமும் இல்லை. குறை: கட்டளைவரியோடு பழகாதவருக்கு இதுவும் எட்டாது.

கெர்னலின் பிபிஎஃப் பகுதியில் எதிர்த்திசைப் பாலம் ஒன்று இருக்கு. மடலில் வரும் பேட்சை ஒரு நிரல் எடுத்துப்போய் கிட்ஹப்பில் புல் ரெக்வெஸ்டாக்கும். அங்கே மனிதர்கள் பேசுவதற்கு அல்ல; தானியங்கிச் சோதனைகளை ஓட்டுவதற்கு. முடிவு மட்டும் திரும்பும். வலைத்தளத்தை இயந்திரத்துக்கு விட்டுவிட்டு, மனிதப் பேச்சை ஒரே இடத்தில் வைத்தாயிற்று.

போஸ்ட்கிரெஸ் இன்னொரு மாதிரி. பேட்சை மடலில் இணைப்பாக அனுப்புவார்கள். கமிட்ஃபெஸ்ட் என்ற வலைச்செயலி எந்தப் பேட்ச் எந்த நிலையில் இருக்கு என்ற கணக்கை மட்டும் வைக்கும். சிஎஃப்பாட் அந்த இணைப்புகளை எடுத்துச் சோதித்துப் பார்க்கும். பேச்சு குழுவில், கணக்கு வலையில்.

முழுசாகக் குடிபெயர்ந்தவர்களும் உண்டு. பைத்தான் 2017-ல் கிட்ஹப்புக்குப் போனது. க்னோம் 2018-ல் கிட்லேபுக்கு. எல்எல்விஎம் 2023-ல் ஃபேப்ரிகேட்டரை விட்டு கிட்ஹப்பின் புல் ரெக்வெஸ்ட்களுக்கு. அவர்களுக்குப் பாலப் பிரச்சினை இல்லை. ஆனால் உரையாடலின் முழு நினைவும் ஒரு வலைத்தளத்தின் கணக்கில் இருக்கும். அது கொடுக்க வேண்டிய விலைதானா என்பது ஒவ்வொரு திட்டமும் தானே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

பி4-ம், பிபிஎஃப் பாலமும், போஸ்ட்கிரெஸும் செய்ததில் ஒரு பொது அம்சம் தெரிகிறது: மனிதர்கள் பேசும் இடம் ஒன்றே ஒன்று. கிட்கிட்கேட்ஜெட் மாதிரிப் பாலங்களில் பேசும் இடம் போலத் தெரிவது இரண்டு, கேட்கும் காது ஒன்று. புதியவர்களை வரவேற்கும் ஆசையில்தான் அந்த இரண்டாவது இடம் வந்தது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் நம்ம தம்பி அந்தப் பேட்சை அனுப்பியிருக்கவே மாட்டான்.

ஒரு பாலத்தைப் பார்த்தால் இனிமேல் நான் மூன்று கேள்வி கேட்கப்போகிறேன். எது கடக்கிறது? எந்தத் திசையில்? கடக்காததைக் கடக்கவில்லை என்று யார், எப்போது சொல்கிறார்கள்? கட்டுபவர்கள் முதல் இரண்டுக்கு நன்றாக உழைக்கிறார்கள். மூன்றாவதுக்கு ஒரு வரி ஆவணம் போதும் என்று விடுகிறார்கள். ஆள் தொலைவது அங்கேதான்.

தம்பி கதை எப்படி முடிந்ததுன்னு சொல்லிடறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து அவன் பழைய பதிலை மடலாக அனுப்பினோம், தாமதத்துக்கு ஒரு வரி விளக்கத்தோடு. கேள்வி கேட்டவர் அடுத்த நாளே மரியாதையாகப் பதில் எழுதினார். இடையில் அதே பிழையை வேறொருவர் சரி செய்து அனுப்பி, அது சேர்ந்தும் விட்டது. பதினோரு வரி போச்சு. இவன் பதிலில் இருந்த ஒரு விளிம்புநிலை மட்டும் அந்தத் திருத்தத்தில் விடுபட்டிருந்தது. அதைத் தனிப் பேட்சாக அனுப்பச் சொன்னார்.

அனுப்பினான். இந்தத் தடவை பாலத்தில் இல்லை, சென்ட்-இமெயிலில். முதல் முயற்சியில் பொருள் வரியே இல்லாமல் எனக்கு ஒரு சோதனை மடல் வந்தது, இரண்டாவதில் சரியாக வந்தது. நான்கு வரி. சேர்ந்துவிட்டது.

"இதுவே முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றான். சொல்லியிருந்தார்கள், பத்து நாள் முன்னால், நீளமான ஒரு குறிப்பின் நடுவில்.